கலங்கிய தொட்டி தெளிவிக்கும் நூற்பாவும் விளக்கவுரையும்

மூலம்

கலங்கிய தொட்டியுட் காலிடல் விலக்கி,
நிறமும் நாற்றமும் நீர்நிலை அளவும்
தெரிந்தபின் அல்லது மருந்திடல் இன்றி,
இறைத்தொழி யாமல் இருந்ததே திருத்திப்,
புளிப்பொடு காரம் பொருந்தச் செய்து,
பொழுதுசாய் வேளையிற் கொல்வது கூட்டி,
ஓடுநீர் ஓயா தரிப்பிடைச் செலுத்தி,
நுண்துகள் திரளப் படிகாரம் இட்டு
நிறுத்திய நீரடி படிந்ததை எல்லாம்
அரிப்பிடைப் புகாஅ தகற்றிய பின்னர்
அடிதெளிந் தொளிர ஆடுதல் கடனே.

உரை

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், வீட்டு வளவுக்குள் நீந்துதற்கென்று கட்டிய தொட்டியில் நீர் கலங்கியவிடத்து அதனைத் தெளிவிக்கும் முறைமை உணர்த்துதல் நுதலிற்று.

பதினோரடியான் இயன்ற இதன்கண் முடிக்குஞ் சொல் ஒன்றே. அது 'கடன்' என்பது. விலக்கி, திருத்தி, செய்து, கூட்டி, செலுத்தி, இட்டு என வந்தன எல்லாம் 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சம். இவ்வெச்சம் இறந்தகாலங் காட்டும். ஒரு வினை முற்ற நிகழ்ந்த பின்னரே அடுத்த வினை தொடங்கும் என்பது இதன் இயல்பு. ஆகலான், தெளிவித்தல் என்பது வரிசையே என்பது சொல்லமைப்பாலேயே பெறப்பட்டது. ஐந்தாம் அடியின் வினையை எட்டாம் அடிக்குப் பின் வைத்தவனுக்கு மருந்தும் போம், உழைப்பும் போம், நீர் கலங்கியபடியே கிடக்கும். கற்போன் இதனை முதற்கண் நெஞ்சிற் பதித்துக்கொள்க.

இலங்கையின் அக்கரைப்பற்று முதலிய கிழக்குக் கரையோர ஊர்களிற் பெண்பிள்ளைகள் மறைவாக நீந்திப் பழகுதற்கும், சிறுவர் வெயில் தணிதற்கும் வளவுக்குள் தொட்டி கட்டுவாரும் உளர். ஆண்டு முழுதும் அத்தொட்டியைக் கலக்குவன இரண்டு. ஒன்று, ஆனி ஆடியிற் கச்சான் காற்று மேற்கே வயற்புறத்திலிருந்து வாரிவரும் புழுதி. மற்றொன்று, ஐப்பசி தொடங்கி மார்கழி கடந்தும் பெய்யும் மாரிமழை. இவ்விரண்டுக்கும் ஒரே முறைமை ஏற்குமோ எனின், ஏற்கும். அதனாலன்றோ நூற்பா காலம் எதனையும் கூறாது பொதுப்பட ஓதிற்று.

*கலங்கிய தொட்டியுட் காலிடல் விலக்கி*

கலங்கிய என்பது இறந்தகாலப் பெயரெச்சம். கலங்கும் என்னாது கலங்கிய என்றமையான், கலக்கம் முற்றி அடி மறைந்த நிலையே ஈண்டுக் கருதப்பட்டது.

தொட்டி என்பது நாற்புறமும் அடியும் அடைத்துக் கட்டிய கொள்கலம். உலகவழக்கு இதனை நீச்சற்குளம் என்று சொல்லும். அவ்வழக்கு அறிந்தும் நூற்பா குளம் என்னாமை நோக்குக. குளம் என்பதற்கு வரவும் போக்கும் உண்டு. சாகாமக் குளம் மாரியிற் செந்நிறமாய்க் கலங்கினும், துருசு திறக்க நீர் வயலுக்குப் போகும். வண்டல் அடிக்கு இறங்கும். மீனும் புழுவும் புல்லும் தத்தம் பங்கை உண்ணும். குளம் தன்னைத் தானே தெளிவித்துக்கொள்ள வல்லது. தொட்டிக்கு வரவுமில்லை, போக்குமில்லை, உண்பாரும் இல்லை. அதனுள் விழுந்தது எதுவாயினும், ஒருவன் எடுக்குமட்டும் அதனுள்ளேயே இருக்கும். ஆகவே தொட்டி என்ற ஒரு சொல்லானே, தெளிவித்தல் கட்டினவன் தலைமேல் விழுந்த பொறுப்பு என்பது உணர்த்தப்பட்டது.

காலிடல் என்பது காலை வைத்தல். நீந்தல் என்னாது காலிடல் என்றது, ஓரத்துப் படியில் இருந்து காலை நனைத்தலும் ஆகாது என்றற்கு. என்னை? ஒன்றரை மீற்றர் ஆழமுடைய தொட்டியில் அடி தெரியாதவழி, மூழ்கிய பிள்ளை கரையில் நிற்போர் கண்ணுக்குப் புலப்படாது. நீரில் மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கூவி அழைப்பதில்லை. மூச்செடுக்கவே போதாத வாய்க்குக் குரல் எழுப்பப் பொழுதில்லை. காட்சி மறைந்த நீரில் ஓசையும் இன்றி ஓர் உயிர் போகக்கூடும். மருந்தைக் குறித்து ஒரு சொல்லும் சொல்லாமுன் இவ்விலக்கை முதலடியில் வைத்தது அதனான். வேலியும் வாயிலும் உள்ள தொட்டியாயின் வாயிலைப் பூட்டுக. இல்லாததாயின், தெளியுமட்டும் பெரியார் ஒருவர் காவலிருக்க.

*நிறமும் நாற்றமும் நீர்நிலை அளவும் தெரிந்தபின் அல்லது மருந்திடல் இன்றி*

நிறமும் நாற்றமும் அளவும் என்னும் உம்மைகள் எண்ணும்மை. மூன்றனையும் ஒருங்கே அறிக என்றவாறு.

நிறம் மூவகைப்படும். பச்சை நிறம் பாசியைக் காட்டும். பால்போன்ற வெண்மை, மிக நுண்ணிய புழுதியையோ கரையாது நிற்கும் சுண்ணத்தையோ காட்டும். கபில நிறம் மண்ணையோ இரும்பையோ காட்டும். மண்ணையும் இரும்பையும் பிரித்தறிதல் எளிது. வாளியில் அள்ளியபோது பளிங்காய் இருந்த கிணற்றுநீர், குளோரின் பட்ட அன்றே தேயிலைச் சாயம்போல் மாறுமாயின், அது இரும்பு. நீரிற் கரைந்து கண்ணுக்கு மறைந்திருந்த இரும்பு, குளோரினால் ஒட்சியேறித் துருவாய் வெளிப்பட்டது என்க.

நாற்றம் என்பது ஈண்டு மணத்துக்குப் பொதுப்பெயர். கண்ணை எரிக்கும் மருந்து மணம் வீசுமாயின், 'மருந்து கூடிவிட்டது' என்று உலகோர் சொல்லுவர். அஃது அவ்வாறன்று. வியர்வையும் சிறுநீரும் நீரிற் சேர்த்த அமோனியா முதலியவற்றோடு குளோரின் பிணைந்து குளோரமீன் ஆகிய பின் எழும் மணம் அது. பிணைந்த குளோரின் கிருமி கொல்லும் ஆற்றல் பெரிதும் இழந்தது. ஆகலின் அம்மணம் மிகுதிக்கு அடையாளம் ஆகாது. தக்க மருந்து குறைந்தமைக்கே அடையாளமாம். நாற்றத்தை நூற்பா தனியே எடுத்தோதியதன் பயன் இது.

அளவு என்பது கருவிகொண்டு அளத்தல். துளியிட்டு நிறம் பார்க்கும் சிறு பெட்டியோ, நனைத்து நிறம் ஒப்பிடும் கீற்றோ போதும். அளக்கத்தக்கன நான்கு: பிணையாத குளோரின், பீஎச் எனப்படும் புளிப்பு நிலை, காரத்தன்மை, வன்மை. பிணையாத குளோரின் லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், பீஎச் 7.2 முதல் 7.8, காரத்தன்மை 80 முதல் 120 மில்லிகிராம், வன்மை 200 முதல் 400 மில்லிகிராம் என்பன நீந்தும் நீருக்குப் பொருந்திய எல்லைகள்.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. நீரின் நிலை அறிதற்கு நிறம், சுவை, மணம் என்னும் மூன்றையும் நோக்குதல் இக்கரையோரத்து முஸ்லிம் மக்கள் கைக்கொண்டொழுகும் ஷாபிஈ மத்ஹபின் சட்டநூல்கள் கற்றார்க்கு நன்கு தெரிந்தது. நூற்பா அம்மூன்றனுள் இரண்டை வாங்கிச் சுவையை மட்டும் விட்டது. விட்ட இடத்தில் அளவை வைத்தது. தொட்டிநீர் வாயிலிடத் தக்கதன்று. நாவின் வேலையைக் கருவிக்குக் கொடுத்தது என்க. ஒரு சொல்லை நீக்கி ஒரு சொல்லை வைத்த இத்திறம் போற்றத்தக்கது.

தெரிந்தபின் அல்லது மருந்திடல் இன்றி என இரட்டை எதிர்மறையால் ஓதியது வலியுறுத்தற்கு. தெரியாது இட்டால் வருவது யாது எனின், சுண்ணத்தால் வெளுத்த நீரைப் பாசியால் கலங்கியது என மயங்கிக் கல்சியம் உபகுளோரைற்றைக் கொட்டினால், கல்சியமும் மிகும், பீஎச்சும் ஏறும், வெண்மை இரட்டிக்கும். நோய் அறியாது கொடுத்த மருந்து நோய்க்கு உணவாயிற்று.

*இறைத்தொழி யாமல் இருந்ததே திருத்தி*

இந்நூற்பாவின் உயிர்நிலை இவ்வடி. இறைத்தல் என்பது நீரை வெளியே வாரி விடுதல். ஒழித்தல் என்பது எஞ்சாது போக்குதல். கலங்கினால் மோட்டாரைப் பூட்டி முழுதும் இறைத்துவிட்டுப் புதுநீர் நிரப்புவோம் என்பதே முதலில் எவர்க்கும் எழும் எண்ணம். கிணறு இறைத்துப் பழகிய ஊரார்க்கு அது இயல்பு. அவ்வெண்ணத்தை நூற்பா மறுத்தது. மறுத்தற்குக் காரணம் மூன்று உள. அவை மூன்றும் இம்மண்ணினின்றே எடுத்துக் காட்டப்படும்.

முதலாவது, நிலத்தடி நீரின் தாங்கல். இக்கரையோரம் மணற்றரை. மாரியில் ஊற்று மேலெழுந்து, சில வளவுகளில் நிலமட்டத்துக்குச் சில அடி கீழேயே நீர் நிற்கும். 8 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் ஒன்றரை மீற்றர் ஆழமும் உடைய தொட்டி கொள்ளும் நீர் 48,000 லீற்றர். நிறை 48 தொன். அந்நிறை உள்ளிருக்குமட்டும் தொட்டி நிலத்தில் அமர்ந்திருக்கும். இறைத்து வெறுமையாக்கியபின், சூழ்ந்த ஊற்றுநீர் கீழிருந்து தூக்கும். அத்தூக்கலுக்கு வெறுந்தொட்டியின் நிறை ஆற்றாதாயின், கட்டடம் ஓடம்போல் எழும்பும், அடி வெடிக்கும், குழாய் முறியும். கலங்கிய நீர் தீங்கு செய்வதுபோல் தோன்றினும், தொட்டியை அழுத்திப் பிடித்திருந்தது அதுவே.

இரண்டாவது, கிணற்றின் வலிமை. கடலோர மணலின் கீழ் நன்னீர் உப்புநீரின்மேல் மிதந்து கிடக்கும். கோடையில் 48,000 லீற்றரை ஒரே மூச்சில் உறிஞ்சினால், நன்னீர்ப் படை மெலிந்து உப்புநீர் கீழிருந்து குவிந்தெழும். இதனை இக்கரையோரம் பெருந்துயரத்தின் வாயிலாகக் கற்றது. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை எழுந்தபோது இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். 10,000 பேருக்கு மேல் மாண்டனர். எஞ்சினோர்க்குக் குடிக்க இருந்த கிணறுகளிற் கடல் புகுந்திருந்தது. உப்பைப் போக்க வேண்டி மீண்டும் மீண்டும் இறைத்தார்கள். அளவிறந்த இறைப்பு சில கிணறுகளில் உப்பை இன்னும் மேலே இழுத்து வந்தது. சில கிணறுகளின் சுவர் சரிந்தது. மணலின் உப்பைக் கழுவிக் கிணற்றைக் குடிக்கத் தக்கதாக்கியதிற் பெரும்பங்கு பின்வந்த மாரிமழைக்கே உரியது. இறைப்பு எல்லாவற்றுக்கும் மருந்தாகாது என்பது இவ்வூர் பட்டறிந்த பாடம். நூற்பா அதனைத் தொட்டிக்கு ஓதிற்று.

மூன்றாவது, கலக்கம் வேறு, அசுத்தம் வேறு என்பது. மேற்சொன்ன மத்ஹபின்படி, இரண்டு குல்லத்து அளவை எட்டிய நீர், இக்காலக் கணக்கில் ஏறக்குறைய 200 லீற்றர், நஜீஸ் எனும் அழுக்குப்பொருள் விழுந்து அதன் நிறமோ சுவையோ மணமோ மாறினாலன்றி அசுத்தமாகாது. மண்ணாலும் பாசியாலும் நெடுநாள் தேங்கியமையாலும் வரும் மாற்றம் அதற்குக் குற்றமாகாது. பள்ளிவாசல் ஹவுழாகிய நீர்த்தொட்டியிற் பாசிபடர்ந்த காலத்தும் தொழுகைக்குமுன் கைகால் கழுவும் வுழூச் செய்தோர் இதனை அறிந்தே செய்தனர். தொட்டியோ 200 லீற்றருக்கு இருநூற்று நாற்பது மடங்கு கொள்வது. ஆகவே கலங்கிய நீர் எறியத்தக்க நீரன்று, பழுதுபார்க்கத்தக்க நீர். அஃதேல், சட்டத்தாற் சுத்தமானதில் அப்படியே குளிக்கலாமோ எனின், ஆகாது. சட்டம் தொழுகைக்கு உரிய தூய்மையைக் கூறிற்று. முதலடி உயிர்க்காவலைக் கூறிற்று. இரண்டும் தத்தம் இடத்தில் நிற்பன.

இருந்ததே என்புழி ஏகாரம் பிரிநிலை. புதியதைப் பிரித்து, உள்ளதனையே என நின்றது. திருத்தி என்பது செம்மைசெய்து. வயலைத் திருத்தினான், எழுத்தைத் திருத்தினான் என்புழிப்போல, பொருள் நிற்கக் குற்றம் மட்டும் நீங்குதல் திருத்தலாம்.

*புளிப்பொடு காரம் பொருந்தச் செய்து*

ஒடு என்பது உடனிகழ்ச்சிக்கண் வந்தது. புளிப்பும் காரமும் ஒன்று ஏற ஒன்று இறங்கும் துலாத்தட்டுகள் ஆதலின் உடன்வைத்து ஓதப்பட்டன. பீஎச் 7 இற் குறைந்தது புளிப்பு, மிகுந்தது காரம்.

கொல்வதனை இடுதற்கு முன் இதனைச் செய்க என்றது ஏன் எனின், குளோரின் நீரிற் கரைந்தபின் இரு வடிவில் நிற்கும். ஒன்று உபகுளோரசு அமிலம், வீரியம் உடையது. மற்றையது உபகுளோரைற்று அயன். வீரியம் மிகக் குறைந்தது. பீஎச் 7.5 இல் இரண்டும் ஏறக்குறையச் சரிபாதி. 8 ஐ எட்டினால் வீரியமுடையது நாலில் ஒரு பங்கினும் குறையும். ஒரே மருந்து, ஒரே விலை, ஒரே தொட்டி. புளிப்பு நிலை பிழைத்தால் முக்காற்பங்கு உறங்கும். எனவே முன்னது முன்னாயிற்று.

பீஎச் மிகுந்தால் நீர்த்த ஐதரோகுளோரிக் அமிலத்தைச் சிறிது சிறிதாக இடுக. காரத்தன்மை குறைந்தால் அப்பச்சோடா இடுக. மாரிமழைநீர் காரத்தன்மை அற்றது. அது தொட்டியில் மிகச் சேரின், பீஎச் பிடிமானம் இழந்து ஊஞ்சலாடும். புதுச் சீமெந்துத் தொட்டியில் அதற்கு மாறாகப் பீஎச் நாள்தோறும் ஏறும். பொருந்த என்ற சொல் ஒருநாட் செயலைக் குறித்ததன்று. பொருந்தி நிற்குமட்டும் என விரிக்க.

*பொழுதுசாய் வேளையிற் கொல்வது கூட்டி*

பொழுது என்பது ஞாயிறு. சாய் வேளை வினைத்தொகை. மஃரிப் பாங்கு ஒலித்து வெயில் அடங்கிய நேரம் எனக் கொள்க. ஞாயிற்றின் புற ஊதாக் கதிர் குளோரினைச் சிதைக்கும். குளோரினை வெயிலினின்று காக்கும் சயனூரிக் அமிலம் சேராத நீரில், உச்சி வெயில் இரண்டொரு மணி நேரத்தில் இட்டதிற் பெரும்பகுதியை உண்டுவிடும். இரவெல்லாம் மருந்து வேலைசெய்ய வேண்டி வேளையை வரையறுத்தது நூற்பா.

கொல்வது என்பது வினையாலணையும் பெயர். மருந்தின் பெயர் கூறாது தொழிலாற் கூறியது, கிடைக்கும் வடிவம் எதுவாயினும் தொழில் ஒன்றே என்றற்கு. கல்சியம் உபகுளோரைற்று நூற்றுக்கு 65 பங்கு குளோரின் தருவது. வெளிற்றும் தூள் நூற்றுக்கு 30 பங்கு அளவில் தருவது. வெள்ளத்தின் பின் பொதுச்சுகாதாரப் பரிசோதகர் கிணறுகளுக்கு இடும் தூளும் இவ்வினத்ததே.

எத்துணை இடுக எனின், பாசி பிடித்த நீருக்கு லீற்றருக்கு 10 மில்லிகிராம் ஏறுமாறு இடுதல் தொடக்கமாம். மேற்சொன்ன 48,000 லீற்றர்த் தொட்டிக்கு அது 480 கிராம் குளோரின். 65 பங்குத் தூளாயின் ஏறத்தாழ 740 கிராம், 30 பங்குத் தூளாயின் 1,600 கிராம். மருந்து மணம் வீசிய நீருக்கு வேறொரு கணக்குண்டு: பிணைந்த குளோரினை அளந்து, அதன் பத்து மடங்கு ஏற இடுக. அதற்குக் குறைய இட்டால் பிணைப்பு அறாது. பிணைந்ததே மேலும் பெருகும். கூட்டி என்ற சொல் இவ்விடத்து அரைகுறையை விலக்கிற்று.

தூளை நேரே வீசற்க. வாளியில் முதலில் நீர் எடுத்து, அதனுள் தூளை இட்டுக் கலக்கி, அடியில் வெண்ணடை படியவிட்டு, மேல்நின்ற தெளிவை ஊற்றுக. தூளின்மேல் நீரை ஊற்றுதல் ஆகாது. அமிலத்தையும் குளோரின் தூளையும் ஒரே வாளியில், ஒரே அகப்பையால் தொடுதல் உயிருக்கு ஆபத்து. அவை கலந்தால் எழும் மஞ்சட்பச்சை ஆவி நுரையீரலை எரிக்கும். இருவகைக் குளோரின் தூளை ஒன்றாகக் கலத்தலும் தீப்பற்ற ஏதுவாம். இவை நூற்பாவில் வெளிப்படச் சொல்லப்படாவிடினும், 'செய்து' 'கூட்டி' என இரண்டையும் வெவ்வேறு எச்சமாகப் பிரித்து நிறுத்தியதனாற் கொள்ளக்கிடந்தன. அமிலம் இட்ட வேலை முற்றி, நீர் சுழன்று கலந்த பின்னரே குளோரினைக் கையில் எடுக்க.

*ஓடுநீர் ஓயா தரிப்பிடைச் செலுத்தி*

அரிப்பு என்பது மணல் நிறைந்த வடிகலம். ஓயாது என்பது இடைவிடாது. தெளியுமட்டும் இரவும் பகலும் மோட்டார் ஓடுக என்றவாறு. தொட்டியின் கொள்ளளவுக்குச் சமமான நீர் ஒருமுறை வடிகலத்தூடு சென்றால் எல்லா நீரும் வடிந்துவிடும் என எண்ணற்க. வடிந்த நீர் வடியாத நீரோடு உடனே கலத்தலின், ஒரு சுற்றில் நூற்றுக்கு 63 பங்கே வடிகலத்தைக் காணும். மூன்று சுற்றில் 95 பங்கு காணும். வடிகலத்தின் அழுத்தமானி, மணல் துப்புரவாய் இருந்தபோது காட்டியதினும் 8 முதல் 10 அலகு, சதுர அங்குலத்துக்கு இறாத்தல் கணக்கில், ஏறிவிட்டால் நீரைத் தலைகீழாய்த் திருப்பி மணலைக் கழுவுக. கழுவிய நீரை வயல்வாய்க்காலிலும் களப்பிலும் விடற்க. குளோரின் மீனைக் கொல்லும். மணற்றரையில் விடின் நிலம் அதனைத் தணிக்கும்.

*நுண்துகள் திரளப் படிகாரம் இட்டு*

கிருமி மாண்டது, பாசி வெளிறிற்று, மணல் இயன்றதை அரித்தது. ஆயினும் நீர் மங்கலாகவே நிற்கக்கூடும். ஏன் எனின், அதற்கு விடை நுண் என்னும் அடைமொழியில் உள்ளது.

மில்லிமீற்றரை ஆயிரமாகப் பகுத்ததில் ஒரு கூறு மைக்ரோமீற்றர். மணல் வடிகலம் பிடிக்க வல்லது 20 மைக்ரோமீற்றர் முதற்கொண்டு. களிமண் துகளோ 2 மைக்ரோமீற்றருக்கும் உட்பட்டது. அது மணலூடு சென்று மீண்டும் தொட்டிக்கே வரும். அசையாது விட்டால் தானே படியாதோ எனின், படியும். ஆயின் காலம் நோக்குக. 20 மைக்ரோமீற்றர்த் துகள் ஒன்றரை மீற்றர் இறங்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் போதும். 2 மைக்ரோமீற்றர்த் துகளுக்கு நான்கு நாள் ஆகும். அதிற் பாதிப் பருமனுக்குப் பதினாறு நாள். பருமன் பாதியானால் இறங்குங் காலம் நான்கு மடங்காதல் இயற்கையின் நியதி. பதினாறு நாளும் காற்றும் அசைவும் இன்றி எந்நீரும் நில்லாது.

ஆதலின் சிறியதைப் பெரிதாக்குக என்றது நூற்பா. திரள என்பது செயவென் எச்சம். 'திரளும்பொருட்டு' எனக் காரியப் பொருளில் நின்றது. களித்துகள்கள் எல்லாம் எதிர்மின் ஏற்றம் தாங்கியன. ஒத்த ஏற்றம் ஒன்றையொன்று தள்ளுதலின் அவை கூடா. படிகாரம் நீரிற் கரைந்து, மூன்று நேர்மின் ஏற்றம் கொண்ட அலுமினிய அயனைத் தரும். அது தள்ளுதலைத் தணித்து, பின் அலுமினியம் ஐதரொட்சைட்டு என்னும் பஞ்சுபோன்ற திரளாகித் துகள்களைத் தன்னுள் வாரி எடுத்து இறங்கும்.

படிகாரம் என்பதனைச் சீனக்காரம் எனவும் வழங்குவர். குளத்துநீரைக் குழாய்வழி ஊர்களுக்கு அனுப்பும் சுத்திகரிப்பு நிலையங்கள் நீர் தெளிவிப்பதும் இம்முறையாலேயே. இதனினும் பழைய முறை ஒன்று தமிழரிடத்து உண்டு. தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் தேய்த்துக் கலங்கல் நீரைத் தெளிவித்தனர். தேற்றா மரத்துக்கு இல்லம் என்பது பழம்பெயர். அதன் காழ் கலங்கிய நீரைத் தெளிவிக்கும் செய்தி கலித்தொகையின் நெய்தற்கலியில் உவமையாக வந்துள்ளது. தேற்றுதல் என்ற சொல்லே தெளிவித்தற்கும் ஆறுதல் கூறற்கும் ஒருங்கே உரியதாய் நின்றமை, இவ்வறிவு மொழிக்குள் எத்துணை ஆழம் ஊன்றியது என்பதனைக் காட்டும். குடத்துக்குக் கொட்டை போதும். 48,000 லீற்றருக்குப் படிகாரமே தகும் என்பதனால் நூற்பா பின்னதனை ஓதிற்று.

அளவு, ஆயிரம் லீற்றருக்கு 50 கிராம். மேற்சொன்ன தொட்டிக்கு 2,400 கிராம். நீரிற் கரைத்துப் பரவ ஊற்றி, வடிகலத்தை விலக்கி ஓரிரு மணி நேரம் நீரைச் சுழலவிடுக. படிகாரம் தானும் புளிப்பு உடையது. இவ்வளவுக்கு நீரின் காரத்தன்மையில் லீற்றருக்கு 25 மில்லிகிராம் செலவாகும். ஐந்தாம் அடியிற் காரம் பொருத்தாதவன் தொட்டியில் திரள் உருவாகாது; பீஎச் 8 ஐக் கடந்து நின்றாலோ அலுமினியம் திரளாது மீண்டும் கரையும். வரிசை மாறின் வரும் இழப்பு இங்குத் தெளிவாகக் காணப்படும்.

*நிறுத்திய நீரடி படிந்ததை எல்லாம் அரிப்பிடைப் புகாஅ தகற்றிய பின்னர்*

நிறுத்திய என்பது மோட்டாரை நிறுத்தி நீரை அசையாது வைத்த. முன்னர் ஓயாது ஓட்டுக என்று, பின்னர் நிறுத்துக என்றல் மாறுகொளக் கூறலன்றோ எனின், அன்று. அரித்தலுக்கு ஓட்டம் துணை; படிதலுக்கு அசையாமை துணை. மாலையில் நிறுத்தி மறுநாட் காலைவரை வைக்க. சுப்ஹுத் தொழுது வந்து பார்க்குங்கால், மேலே நீர் தெளிந்து, அடியில் சாம்பல் நிறப் போர்வை விரித்தாற்போல் படிவு கிடக்கும். அது கண்டு மகிழ்ந்து உடனே மோட்டாரை முடுக்குவார் பலர். முடுக்கிய கணத்தே போர்வை கிழிந்து நீர் முழுதும் மீண்டும் கலங்கும்.

புகாஅது என அளபெடை கொடுத்தது அதனைத் தடுத்தற்கே. ஓசை நீண்ட இடத்திற் கற்போன் கையும் நிற்கக் கடவது. படிந்ததை உறிஞ்சுகுழலால் எடுத்து, வடிகலத்தூடு செலுத்தாது, நேரே வெளிக்குழாய்க்குத் திருப்பி விடுக. வடிகலத்துக்குட் புகுந்தால் அத்திரள் மணலை அடைக்கும். உடைந்தவை மீண்டும் தொட்டிக்கு வரும். குழலைத் தரையில் மெல்ல, நெல் உலர்த்துவோன் பாயில் கால் வைப்பதுபோல் நகர்த்துக. எல்லாம் என்றது மூலை முடுக்கும் எஞ்சாமைப்பொருட்டு. இவ்வாறு போகும் நீர் சிறிதே. குறைந்த அளவு மட்டும் கிணற்றால் நிரப்புக. இறைத்தொழியாமல் என்ற நான்காம் அடிக்கு இது முரணாகாது, ஒழிந்தது படிவே. நிரப்பிய பின் பீஎச்சையும் குளோரினையும் மீண்டும் அளக்க.

*அடிதெளிந் தொளிர ஆடுதல் கடனே*

அடி என்பது தொட்டியின் தரை. மேல்நீர் தெளிதல் போதாது என்றற்கு அடி என்றார். ஒளிர என்பதற்கு, தரையில் விழுந்த வெயில் வலைபோல் அசைந்து தோன்ற எனப் பொருள் உரைக்க. ஆடுதல் நீராடுதல். முதலடியிற் காலிடலும் ஆகாது என விலக்கிய நூற்பா, ஈற்றடியில் ஆடுதல் கடன் என முழு உரிமை கொடுத்தது. கடன் என்பது முறைமை. ஏகாரம் ஈற்றசை, தேற்றமெனினும் அமையும். குளோரின் லீற்றருக்கு 3 மில்லிகிராமுக்கு இறங்கியதை அளந்துகொண்டு இறங்குக.

அடி தெளிந்ததோ என ஐயுறுவான் செய்யத்தக்கது ஒன்றுண்டு. கைம்முட்டி அளவான கருங்கல்லொன்றைத் தொட்டியின் ஆழமான முனையில் இட்டு, எதிர்க்கரையில் நின்று நோக்குக. கல்லின் விளிம்பு பிரிந்து தெரியாதாயின், அன்றைக்குப் பிள்ளைகளை இறக்கற்க.